வெற்றி வளைவுக்கு எண் போட்டவள்

என் மனைவி ராஜகுமாரியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னபோது, எதையும் மிகைப்படுத்தாமல் எழுதும்படி கேட்டுக்கொண்டாள். நான் கணக்கு வாத்தியார். விடையை ஏற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இந்த விஷயத்தில் அதற்கு அவசியமும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே அவள் பெருமை தானாக வந்துவிடும். கூடவே என் சிறுமையும் வரும். இத்தனை வருடம் எழுதாமல் தள்ளிப் போட்டதற்கு அதுதான் காரணம்.

1973 ஜனவரியில் நாங்கள் மெல்பர்னுக்கு வந்தோம். அங்கே பள்ளிகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்களை எடுத்துக்கொண்டிருந்த சமயம். நகரத்தின் மேற்கு ஓரத்தில் லிண்டன்வேல் என்ற இடத்தில் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை. ராஜகுமாரி மதுரையில் பாலிடெக்னிக் முடித்து, பொதுப்பணித் துறையில் நான்கு வருடம் வரைபடம் போட்டவள். வீட்டில் சும்மா உட்கார அவளால் ஆகவில்லை. முதல் வாரத்தில் வாடகை வீட்டை டேப் பிடித்து அளந்தாள். இரண்டாம் வாரத்தில் அதற்குப் பிளான் வரைந்தாள். மூன்றாம் வாரம், சமையலறைச் சுவர் ஒன்றரை அங்குலம் கோணலாக இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் மனைவிக்கு ஏதாவது வேலை பார்த்துக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார்.

லிண்டன்வேல் நகராட்சியில் பொறியாளர் ஹாலிஸ் என்பவர். அதிகம் பேசாத மனிதர். வேலை கேட்டுப் போனவளிடம் சாக்கடைப் பாலம் ஒன்றின் படத்தைக் கொடுத்து நகலெடுக்கச் சொன்னார். அவள் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, மூலப் படத்தில் ஓர் அளவு மற்ற அளவுகளோடு ஒத்துப்போகவில்லை என்று பென்சிலால் வட்டமும் போட்டுக் கொடுத்தாள். அந்தப் படத்தை வரைந்தவர் ஹாலிஸேதான். மறுநாளிலிருந்து வரச் சொல்லிவிட்டார், தற்காலிக வேலையாக.

இனி அந்த வளைவுக்கு வருகிறேன். லிண்டன்வேலுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது நடுச்சாலையில் நிற்கும் வெற்றி வளைவைத்தான். அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் சமாதான விழா நடந்தபோது, மரச்சட்டத்தின் மேல் சாந்து பூசி அவசர அவசரமாக ஒரு வளைவைக் கட்டினார்கள். வெளியே பார்த்தால் சக்கரவர்த்தி நுழைகிற அலங்காரம், உள்ளே முழுக்கப் பழப்பெட்டிப் பலகை. மூன்றாம் மாதம் அடித்த காற்றில் அது சாய்ந்தது. ‘வெற்றி’ என்று எழுதியிருந்த பலகை பால்காரரின் வண்டிமேல் விழுந்தது. குதிரை பிழைத்துக்கொண்டது.

ஊருக்கு அது பெரிய தலைகுனிவாகப் போயிற்று. செத்துப்போன பிள்ளைகளின் பெயரால் கட்டியதைக் காற்று தள்ளிவிட்டதே என்று, வீடு வீடாகப் போய் வசூல் செய்து, பக்கத்துக் குவாரியில் கல் வெட்டி, 1922-ல் இரண்டாவது வளைவை எழுப்பினார்கள். அந்தக் கல்லை அங்கே நீலக்கல் என்பார்கள். நம் கண்ணுக்குச் சாட்சாத் கருங்கல்தான். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண், மேலே வளைவு. வளைவின் உட்புறம் பெயர் பொறித்த கல்பலகைகள். முதல் போரில் அறுபத்தெட்டுப் பேர், இரண்டாம் போருக்குப் பிறகு இன்னும் இருபத்தொரு பேர். சின்ன ஊருக்கு அது அதிகம்.

காற்றால் அசைக்க முடியாத அந்த வளைவை லாரிகள் அசைத்தன. வாரத்துக்கு ஒரு லாரி உரசிவிட்டுப் போகும். சாலையை அகலப்படுத்தியே தீர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வளைவைக் கல் கல்லாகப் பிரித்து, இருநூறு கஜம் தள்ளியிருந்த பூங்காவில் மறுபடி கட்டுவது என்று நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள். ஒரே ஒரு வோட்டில்தான் அது நிறைவேறியது. வியட்நாம் போர் எல்லோருக்கும் கசந்துபோயிருந்த காலம் அது. இப்போது யாருக்கு வேண்டும் வெற்றி வளைவு, கல்லை ஓடைக்கரைச் சுவருக்குப் போட்டால் வெள்ளமாவது நிற்கும் என்று சில உறுப்பினர்கள் சபையிலேயே சொன்னார்கள்.

பிரிக்கும் கற்களுக்கு எண் போடும் வேலை ராஜகுமாரிக்கு வந்தது. அதாவது, வேறு யாரும் அதைச் செய்யத் தயாராக இல்லை. ஜூன் மாதக் குளிரில், விடிந்ததும் சாரத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும். புடவையோடு ஏற முடியாது என்று என் பழைய பேன்ட் ஒன்றை எடுத்து, இடுப்பில் நாடா கோர்த்துக் கட்டிக்கொண்டு போனாள். என் மாணவர்கள் சிலர் பஸ்ஸிலிருந்து அவளைப் பார்த்துவிட்டு வகுப்பில் என்னிடம் விசாரித்தார்கள். சாரத்தில் ஏறி நிற்பது மிஸஸ் கோபாலகிருஷ்ணனா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சத்தை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

மொத்தம் அறுநூற்று நாற்பத்திரண்டு கற்கள். ஒவ்வொன்றின் மேல்முகத்திலும், கட்டி முடித்தால் மறைந்துவிடும் இடத்தில், வெள்ளைப் பெயின்டால் எண் எழுதினாள். எந்தத் தூண், எத்தனையாவது வரிசை, வரிசையில் எத்தனையாவது கல். தூணைச் சுற்றி ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தனிப் படம் போட நேரமில்லை, ஒரே ஒரு படமும் கற்களின் அளவுப் பட்டியலும் போதும் என்று ஹாலிஸ் சொல்லிவிட்டார். முதல் கல் எந்த மூலையில் தொடங்குகிறது என்பதற்குப் படத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அதைத்தான் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள்.

இடம் எது, மேடை எத்தனை அடி என்று நகராட்சி ஒரு வருடம் மல்லுக்கு நின்றது. கற்கள் நகராட்சி முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. கடைசியில் 1974 ஆகஸ்டில் கட்ட ஆரம்பித்தார்கள். நவம்பர் பதினொன்றாம் தேதி, போரில் இறந்தவர்களை நினைக்கிற நாளில், திறப்பு விழா. ஒப்பந்தக்காரர் அமர்த்திய கல்தச்சர் ரெனாத்தோ, இத்தாலிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கல்லைத் தட்டிப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லிவிடுவார்.

முதல் மூன்று வரிசை ஒழுங்காக உட்கார்ந்தது. நான்காம் வரிசையில் தகராறு தொடங்கியது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள மூட்டு, கீழ் வரிசை மூட்டுக்கு நேர் மேலே வந்து நின்றது. கல் வேலையில் அது ஆகவே ஆகாது, சுவர் பிளந்துவிடும். ரெனாத்தோ பிரித்து அடுக்கினார். மறுபடி பிரித்து அடுக்கினார். பதினோரு நாள் போயிற்று. அவருக்குப் படம் வாசிக்கத் தெரியவில்லை என்று ஒப்பந்தக்காரர் நகராட்சிக்குக் கடிதம் எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுப் போகும்படி அவரிடம் சொல்லிவிட்டார். ஓடைக்கரைச் சுவர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம். கட்டும் வேலையையே நிறுத்திவிடலாமா என்று முடிவெடுக்க வியாழக்கிழமை காலை கூட்டம் போட்டார்கள்.

எண்களில் தவறு இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ராஜகுமாரியின் பெயர் அப்படி. அலுவலகத்தில் நிரந்தரமான வரைவாளர் இடம் ஒன்று அப்போது காலியாக இருந்தது. அது அவளுக்குத்தான் என்று ஹாலிஸ் ஜாடையாகச் சொல்லியும் இருந்தார். வந்த நாட்டில் அவளுக்கென்று ஓர் இடம், தன் பெயர் போட்ட ஒரு மேசை. அவள் அதை எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். சாப்பிடும்போதுகூட அந்தப் பேச்சுத்தான்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பூங்காவுக்குப் போனாள். அங்கே ரெனாத்தோ தனியாக இருந்தார். சாந்து இல்லாமல், ஐந்தாம் வரிசைக் கற்களைப் புல் தரையில் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரவர் முறையில் சரிபார்ப்பது என்று இருவரும் முதல் கல் மூலையில் நின்று தொடங்கினார்கள். அவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தார், அவள் பட்டியலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நாலடி போனதும் பக்கத்தில் அவரைக் காணோம். சதுரத்தின் எதிர்ப்பக்கத்தில் இருவரும் நேருக்கு நேர் வந்து முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. நம்மவர்களுக்கு ஒரு பொருளைச் சுற்ற வேண்டும் என்றால் கால் தானாக ஒரு பக்கம் திரும்பும். பிள்ளையாரோ நவக்கிரகமோ அரசமரமோ, அது நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். சாரத்தின் மேல் நின்றபோதும் அவள் அப்படித்தான் தூண்களை வலம் வந்திருக்கிறாள். வலம் வந்தவள் ஒரு பக்கத்தைப் பார்த்து நின்றால், எண்கள் வலமிருந்து இடமாக ஓடும். ரெனாத்தோ ஊரிலும் ஹாலிஸ் ஊரிலும் எண்ணுவது புத்தகம் படிக்கிற திசையில், இடமிருந்து வலமாக. அடி வரிசைக் கற்கள் எல்லாம் ஒரே நீளம் என்பதால் எப்படி அடுக்கினாலும் பொருந்தின. மேலே போகப் போக நீளம் மாறியது, குட்டு வெளிப்பட்டது. எந்தத் திசையில் எண்ண வேண்டும் என்று படத்தில் அவள் எழுதவே இல்லை. இன்னொரு திசை இருக்கும் என்றே அவள் நினைக்கவில்லை.

இன்றைக்கு மேலும் அடுக்க வேண்டாம் என்று மட்டும் ரெனாத்தோவிடம் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். சாயங்காலம் வரைக்கும் தன் குறிப்புப் புத்தகங்களைப் புரட்டி, அறுநூற்று நாற்பத்திரண்டையும் ஒரு தடவை பார்த்து முடித்தாள். எண்கள் எல்லாம் சரி, திசைதான் இல்லை.

வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, தப்பு என்னுது. அந்த மனுசன் மேல ஒண்ணும் இல்ல."

விஷயத்தைச் சொன்னாள். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். வாத்தியார் மூளை வேலை செய்தது. கூட்டத்தில் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே, காலையில் முதல் வேலையாக ரெனாத்தோவின் காதில் மட்டும் போட்டுவிடு, அவர் திருப்பி அடுக்கட்டும், கல் தானாகப் பொருந்தும், கூட்டத்துக்கே வேலை இருக்காது என்றேன். வளைவும் எழும்பும், உன் வேலையும் உனக்கு. இதைவிடச் சுலபமான விடை கிடையாது என்று நான் நம்பினேன்.

"அப்ப ரெனாத்தோ?" என்று கேட்டாள்.

"அவருக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும். உனக்கு இங்க வேற எவன் குடுப்பான்? சும்மா இரு, குமாரி."

சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினாள், மறுநாள் உடுத்த வேண்டிய புடவையை இஸ்திரி போட்டாள். என் பேச்சைக் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

கூட்டத்தில் நடந்ததை அவள் சொன்னது பாதி, அலுவலகத் தட்டச்சாளர் மரீன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னது பாதி. மூன்று உறுப்பினர்கள், ஹாலிஸ், ஒப்பந்தக்காரர், முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிழச் செயலாளர் ஒருவர். ராஜகுமாரி படச்சுருளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டியவள், அவ்வளவுதான். கல்தச்சர்தான் காரணம் என்று ஒப்பந்தக்காரர் இரண்டாம் தடவை சொன்னபோது அவள் மேசைக்கு வந்தாள். ரெனாத்தோவின் மேல் தவறில்லை, தவறு தன்னுடையது என்றாள். மேசை நடுவில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்து, தன் விரல் எந்தப் பக்கம் சுற்றியது, அவருடையது எந்தப் பக்கம் சுற்றியது என்று காட்டினாள். ஏன் அந்தப் பக்கம் சுற்றினாய் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். மதிப்புள்ள எதையும் நாங்கள் அப்படித்தான் சுற்றுவோம் என்றாளாம். கேட்டவர் முகத்தில் ஈயாடவில்லை என்று மரீன் சொன்னாள். கிழச் செயலாளர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நவம்பர் பதினொன்றுக்கு முடியுமா? முடியும் என்றாள்.

எல்லோரும் அப்படியே எழுந்து பூங்காவுக்குப் போனார்கள். ரெனாத்தோ அவள் காட்டிய திசையில் நான்காம் வரிசையை அடுக்கினார். பன்னிரண்டாவது கல் கடைசி இடைவெளியில் இறங்கி உட்கார்ந்தபோது, அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது என்று மரீன் அபிப்பிராயப்பட்டாள். வெள்ளிக்கிழமை அவரை யாரும் அனுப்பவில்லை. ஓடைக்கரைச் சுவர்க்காரர்கள் வேறு கல் தேடப் போனார்கள்.

அதன் பிறகு ஒன்பது வாரம், தினமும் காலையில் அலுவலகத்துக்கு முன்னால் அவள் பூங்காவுக்குப் போய் நின்றாள். நவம்பர் பதினொன்று காலை பதினொரு மணிக்கு வளைவு முழுசாக நின்றது. மேயர் பேசினார். ஒப்பந்தக்காரருக்கு நன்றி, சாரம் கட்டியவர்களுக்கு நன்றி, தேநீர் கொடுத்த மாதர் சங்கத்துக்கு நன்றி. ராஜகுமாரியின் பெயர் வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, ஏழாவது வரிசையில் ஒரு மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெனாத்தோ கோட்டும் டையுமாகத் தன் மனைவியை அழைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அந்த அம்மாள் ராஜகுமாரியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். என் மனைவி திருதிருவென்று விழித்தது அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். டிசம்பரில் நிரந்தர வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழு கூடவிருந்தது. குழுவில் இருந்தவர்கள் வெளியாட்கள், காகிதத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள். கூட்டத்தில் அவள் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஹாலிஸ் அவளைக் கூப்பிட்டு, திசையைக் குறித்துப் புதிய படம் ஒன்று வரைந்து கோப்பில் வைத்துவிடு, பழையதைக் கிழித்துப் போட்டுவிடு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று என்னைப் போலவே அவரும் விரும்பினார்.

அவள் புதிய படத்தை வரைந்தாள். பழையதையும் அதன் பின்னால் சேர்த்துத் தைத்தாள். பழையதின் ஓரத்தில், எண்ணும் திசையைக் குறிக்காமல் விட்டது தன் தவறு என்றும், பதினோரு நாள் தாமதத்துக்கு அதுவே காரணம் என்றும், கல்தச்சர் சரியாகவே வேலை செய்தார் என்றும் எழுதி, முழுப் பெயரைக் கையெழுத்துப் போட்டாள். ஹாலிஸ் அதைப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்து, கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் கடிதம் வந்தது. வேலை வேறொருவருக்கு. அடுத்த வருடமே அவளுக்கு இன்னொரு நகராட்சியில் இடம் கிடைத்ததும், இருபத்திரண்டு வருடம் அங்கே மேசை போட்டு உட்கார்ந்ததும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் அந்தக் கையெழுத்தைப் பற்றி என்னிடம் சொன்னாள். நான் கத்தினேன். வளைவு கட்டி முடித்தாகிவிட்டது, ரெனாத்தோவுக்கு வேலை போகவில்லை, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பிறகு எதற்காக, காலத்துக்கும் அழியாத காகிதத்தில் உன் தவறை உன் பெயரிலேயே எழுதி வைத்தாய் என்று கேட்டேன்.

அழுதிருந்தாள் போலும், கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"அந்த ஒப்பந்தக்காரர் எழுதின லெட்டர் இன்னும் அதே ஃபைல்லதாங்க இருக்கு. நான் எழுதாம விட்டா, நாமெல்லாம் செத்த பெறகும் அது அவர் தப்பாத்தான் இருக்கும்."

எனக்கு அந்த லெட்டர் ஞாபகமே இல்லை. ஒரு மனுஷன் பெயரை அந்தக் கோப்பில் அப்படியே விட்டுவிட்டு நான் மூன்று மாதமாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.